விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அலுவலகங்கள், ஜெராக்ஸ் கடைகள், டியூஷன் சென்டர்கள் என்று சில இடங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் "நெட் வரவில்லை" என்றே தொடங்கும். அடுத்த வாக்கியம் "நானே சில செட்டிங்ஸை மாற்றிப் பார்த்தேன்" என்று வந்தால் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவேன், நேரில்தான் போக வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 11ஐ மனத்தில் வைத்து எழுதியவை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும் பல கடை மேசைகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. அதனால் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலோர் விண்டோஸை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால் பொத்தான்களின் பெயர்களை ஒலிக்கும்படியே தந்திருக்கிறேன். கட்டளைகளும் அப்படியே. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஒரே ஒரு கேபிள்தான் செருகியிருக்கிறேன். ஏன் ஐந்தாறு அடாப்டர்கள் தெரிகின்றன?

நெட்வொர்க்கோடு பேசத் தெரிந்த ஒவ்வொரு பாகத்துக்கும் விண்டோஸ் ஓர் அடாப்டரைக் காட்டும். கேபிளுக்கு 'ஈதர்நெட்', வைஃபைக்கு 'வைஃபை', புளூடூத்துக்கு ஒன்று. விபிஎன் (இணையத்தின் வழியே மறைகுறியாக்கிய தனிப்பாதை போடுவது) மென்பொருள் நிறுவியிருந்தால் அதற்கொன்று. ஹைப்பர்-வி, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்கள்) இருந்தால் அவையும் தங்கள் பங்குக்குச் சேர்க்கும். இவற்றுள் பாதிக்கு வெளியே தெரியும் உடம்பே கிடையாது, மென்பொருள்தான்.

இதில் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்று: ஒவ்வொரு அடாப்டருக்கும் அதனதன் அமைப்புகள் தனி. ஈதர்நெட்டில் போட்ட முகவரி வைஃபையைத் தொடாது. "எண்ணைச் சரியாகத்தான் போட்டேன், வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் வைஃபையில் இருந்துகொண்டு ஈதர்நெட்டில் எண்ணைப் போட்டவர்கள்.

எல்லா அடாப்டர்களையும் ஒரே பார்வையில் காண, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் 'என்சிபிஏ.சிபிஎல்' என்று தட்டுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் அந்த ஜன்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிய செட்டிங்ஸ் பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இணையம் வரவில்லை. எந்த அமைப்பை முதலில் மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். கணினிக்கு இப்போது என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழுது எங்கே என்பதைப் பாதிக்குமேல் அந்த முகவரியே சொல்லிவிடும்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னல்) திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். நீங்கள் பயன்படுத்தும் அடாப்டரின் தலைப்புக்குக் கீழே மூன்று வரிகளைக் கவனியுங்கள்: ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் உங்கள் நெட்வொர்க்குக்குள் என்று சொல்வது), டிஃபால்ட் கேட்வே. கேட்வே என்பது பெரும்பாலும் உங்கள் ரவுட்டரின் முகவரி.

முகவரி 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் (யாரும் கையால் எண் போட்டு வைக்கவில்லை என்றால்). இந்த மூன்று தொகுதிகளும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1996இல் ஒதுக்கப்பட்டவை. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள். 'மீடியா டிஸ்கனெக்டட்' என்றிருந்தால் கேபிளோ வைஃபையோ இணையவே இல்லை.

முகவரி சரியாக இருந்தால் மூன்று சோதனைகள். 'பிங்' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுக் கேட்வேயின் எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி இருக்கிறது. அடுத்து 8.8.8.8 (இணையத்தில் இருக்கும் கூகுளின் ஒரு முகவரி). பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி இருக்கிறது. மூன்றாவதாக ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை). ரவுட்டர் வரை வந்து 8.8.8.8 கிடைக்கவில்லை என்றால் உங்கள் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், அப்புறம் இணைப்பு தருபவரை அழையுங்கள். பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்ட ரவுட்டர்களும் உண்டு என்பதால் முதல் சோதனை தோற்றாலும் மற்ற இரண்டையும் செய்து பாருங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இது எங்கிருந்து வந்தது?

கணினியே தனக்குச் சூட்டிக்கொண்டது. வழக்கமாக ஒரு கணினி நெட்வொர்க்கில் சேர்ந்ததும் "எனக்கொரு முகவரி கொடுங்கள்" என்று கூவும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் 169.254 தொகுதியிலிருந்து ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் தாண்டிப் போக முடியாது.

ஏன் பதில் வரவில்லை? கேபிள் பழுது, ரவுட்டர் உறைந்துபோனது, வைஃபை பாதி வழியில் நின்றது என்று வழக்கமான காரணங்கள் இருக்கின்றன. வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டியூஷன் சென்டரில் காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாலை வகுப்பு தொடங்கியதும் அலுவலகக் கணினிக்கு 169.254. கேபிளை மாற்றினார்கள், டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) மாற்றினார்கள், புதிய லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள், அதற்கும் 169.254.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், அது 100 முதல் 149 வரை ஐம்பது முகவரிகளை மட்டுமே கொடுக்கும்படி இருந்தது. ஒருமுறை கொடுத்த முகவரியை 24 மணி நேரத்துக்குத் திரும்ப வாங்காது. காலையில் வந்த முப்பது மாணவர்களின் கைப்பேசிகள் முப்பது முகவரிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. மாலையில் இன்னொரு முப்பது பேர். மாலையில் கடைசியாகத் திறக்கப்படும் அலுவலகக் கணினிக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. தொகுதியை 20 முதல் 220 வரை விரித்து, குத்தகை நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்ததும் தீர்ந்தது. கணினியில் ஒரு அமைப்பையும் தொடவில்லை.

ரவுட்டர் சரியாக இருந்தும் முகவரி வரவில்லை என்றால் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரினியூ' என்று தட்டிப் புதிதாகக் கேட்கச் செய்யலாம்.

மின்வெட்டு வந்துபோனால் பிரிண்டர் வேலை செய்வதில்லை. நிலையான ஐபி போட வேண்டுமா?

வேண்டும், ஆனால் அதைக் கணினியில் போடுவதைவிட ரவுட்டரில் போடுவது நல்லது.

நடப்பது இதுதான். பிரிண்டரைச் சேர்த்த நாளில் அதன் முகவரி 192.168.1.103 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறது. கரண்ட் போய் வருகிறது. பல சிறு ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலை அத்தோடு மறந்துவிடும். பிறகு யார் முதலில் விழித்துக் கேட்கிறார்களோ அவர்களுக்கு எண்ணைக் கொடுக்கும். பிரிண்டர் சூடாகி எழுவதற்குள் யாரோ ஒருவருடைய கைப்பேசி 103ஐ வாங்கிவிடும். நீங்கள் அனுப்பும் பில் அந்தக் கைப்பேசியின் வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (உலாவியில் கேட்வேயின் எண்ணைத் தட்டினால் வரும்) 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டேட்டிக் லீஸ்' என்ற பகுதியைத் தேடுங்கள். பிரிண்டரின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் ஆலையில் பொறிக்கும் அடையாள எண்) ஒரு எண்ணை ஒதுக்குங்கள். பிரிண்டர் எப்போதும்போல் கேட்கும், எப்போதும் அதே எண்ணையே பெறும். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தாலும் புரியும்.

ரவுட்டரில் அந்த வசதி இல்லை, அல்லது கடவுச்சொல் யாரிடமும் இல்லை (இது நடக்காத அலுவலகம் அரிது) என்றால்தான் சாதனத்திலேயே எண்ணைப் போட வேண்டியிருக்கும்.

சரி, கணினியிலேயே நிலையான முகவரி போட வேண்டியிருக்கிறது. எப்படி?

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட். 'ஐபி அசைன்மென்ட்' என்பதற்கு எதிரே எடிட். ஆட்டோமேட்டிக் என்பதை மேனுவலாக மாற்றி ஐபிவி4ஐ இயக்குங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால் முகவரி 192.168.1.230, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று போகும். தேர்ந்தெடுக்கும் எண் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் தொகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் அதே எண் இன்னொருவருக்கும் போகும்.

விண்டோஸ் 10இல் ஒரு பொறி இருக்கிறது. அங்கே மாஸ்க் கேட்கும் இடத்தில் 'சப்நெட் ப்ரிஃபிக்ஸ் லெங்த்' என்றிருக்கும். அதில் 255.255.255.0 என்று போட்டால் சேமிக்க முடியாது என்று அடம்பிடிக்கும், காரணமும் சொல்லாது. 24 என்று போடுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

டிஎன்எஸ் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். விட்டால் எண்களுக்கெல்லாம் பிங் போகும், ஒரு தளமும் திறக்காது.

அலுவலகத்தில் நிலையான எண், வீட்டில் தானியங்கி என்று இரண்டும் தேவைப்படும் லேப்டாப்புக்குப் பழைய ஜன்னலில் ஒரு வழி உண்டு. அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4ஐத் திறந்து, தானாகப் பெறு என்றே விட்டுவிட்டு, 'ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்' என்ற தாளுக்குப் போங்கள். டிஎச்சிபி கிடைக்காத இடத்தில் மட்டும் அங்கே எழுதிய எண் நடைமுறைக்கு வரும். டிஎச்சிபியே இல்லாத அலுவலகங்களுக்கு இது பொருந்தும்.

'ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்' என்று எச்சரிக்கை வருகிறது.

ஒரே எண் இரண்டு சாதனங்களிடம் இருக்கிறது. யாரோ கையால் போட்ட எண்ணாகத்தான் இருக்கும். கணினிகளையெல்லாம் சரிபார்த்தும் கிடைக்கவில்லை என்றால் சுவரைப் பாருங்கள்: சிசிடிவி கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் 192.168.1.108, 192.168.1.64 போன்ற எண்களோடு தொழிற்சாலையிலிருந்தே வருவதுண்டு. பொருத்தியவர் அப்படியே விட்டுப் போயிருப்பார்.

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்களே?

பதிவிறக்க வேகம் கூடாது. டிஎன்எஸ்ஸின் வேலை பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்வது. எண் கிடைத்த பிறகு அது ஒதுங்கிவிடுகிறது. இணைப்பு தருபவரின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்கும் முன் இருக்கும் தயக்கம் குறையலாம். அவ்வளவுதான். 40 எம்பிபிஎஸ் இணைப்பு 40ஆகவேதான் இருக்கும்.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. இணைப்பு தருபவரின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துக்கொள்வது முதன்மையானது. கூகுளின் 8.8.8.8 (2009 முதல்), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018 முதல்), குவாட்9இன் 9.9.9.9 மூன்றும் இலவசம். கடைசியாகச் சொன்னது தீங்கு செய்யும் தளங்கள் என்று அறியப்பட்டவற்றைத் தடுக்கவும் செய்யும். பொதுப் பயன்பாட்டுக் கணினிகளில் நான் போடுவது அதைத்தான்.

மாற்றும்போது ஐபிவி6க்கான (ஐபிவி4ஐ அடுத்து வந்த புதிய முகவரி முறை) டிஎன்எஸ்ஸையும் மாற்றுங்கள். பலர் ஐபிவி4இல் மட்டும் மாற்றிவிட்டு, "மாற்றியும் பழையதே வருகிறது" என்பார்கள். கணினி இன்னொரு வழியாகப் பழைய இடத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11இல் அதே பெட்டியில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்ற தேர்வும் இருக்கிறது. அதை இயக்கினால் நீங்கள் கேட்கும் பெயர்கள் வழியில் இருப்பவர்களின் கண்ணில் படாது.

அலுவலகக் கணினி டொமைனில் (எல்லாக் கணினிகளையும் அலுவலக சர்வரே நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்தால் இதைத் தொடாதீர்கள். உள் சர்வர்களின் பெயர்கள் கூகுளுக்குத் தெரியாது. காலையில் லாகின் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க நேரலாம்.

'நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது, ஆனால் எல்லாத் தளங்களும் திறக்கின்றன.

விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். நெட்வொர்க்கில் சேர்ந்ததும் அது மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய் மிகச் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றைக் கேட்கும். அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் இருக்கும். அவை வந்து சேர்ந்தால் இணையம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்பது அதன் கணக்கு. விபிஎன், ப்ராக்ஸி (உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர் சர்வர்), விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் ஏதாவது அந்த ஒரு கோரிக்கையை மட்டும் மறித்துவிட்டால், மற்றதெல்லாம் ஓடினாலும் குறியீடு பொய் சொல்லும். தளங்கள் திறக்கின்றன என்றால் பெரும்பாலும் அலட்சியம் செய்யலாம். அந்தக் குறியீட்டை நம்பி இயங்க மறுக்கும் சில செயலிகள் உண்டு. அவற்றுக்காக விபிஎன்னை அணைத்துப் பாருங்கள்.

விடுதி வைஃபையில் லாகின் பக்கம் தானாக எழுவதும் இதே சோதனையால்தான். அந்த மூன்று சொற்களுக்குப் பதில் வேறு ஏதோ வந்தால், யாரோ வழியில் நின்று பதில் சொல்கிறார்கள் என்று விண்டோஸ் புரிந்துகொள்கிறது.

சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை. எந்த அமைப்பு?

முதலில் கடிகாரம். சிரிக்காதீர்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துப்போனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். உலாவி கதவைச் சாத்திவிடும்.

இரண்டாவது ப்ராக்ஸி. அலுவலகத்திலிருந்து வந்த லேப்டாப்பில் ப்ராக்ஸி இயங்கியபடியே இருந்தால் வீட்டில் உலாவி தடுமாறும், பிங் மட்டும் ஒழுங்காகப் போகும். செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத எதுவும் இயங்கவில்லை என்று பாருங்கள்.

கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பாக இருந்தால் மூன்றாவதாக எம்டியு (ஒருமுறை அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு). ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ அதில் 8ஐத் தன் உறைக்கு எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். ரவுட்டரில் 1500 என்றிருந்தால் சில தளங்கள் பாதியில் நிற்கும். ரவுட்டரில் 1492 ஆக்குங்கள். கணினியில் மாற்ற வேண்டியதில்லை.

300 எம்பிபிஎஸ் இணைப்பு, கேபிள்தான் போட்டிருக்கிறேன். 94க்கு மேல் வருவதில்லை.

94 என்ற அந்த எண்ணே விடை. உங்கள் கேபிள் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைந்திருக்கிறது. உறைகளுக்கும் முகவரிகளுக்கும் போக மிஞ்சுவது 94, 95. பழைய ஜன்னலில் ஈதர்நெட்டை இருமுறை சொடுக்கினால் ஸ்பீடு என்ற வரியில் 100.0 எம்பிபிஎஸ் என்று இருக்கும். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1, 2, 3, 6 ஆகிய முனைகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். வழக்கமான நிற வரிசையில் ஆரஞ்சும் பச்சையும் நன்றாக இருந்து, நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், இரு பக்கமும் பேசிப் பார்த்து 100க்கு இறங்கி ஒத்துக்கொள்ளும். விளக்கு எரியும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஓர் அலுவலகத்தில் மரத் தடுப்புக்குப் பின்னால் எலி கடித்த கேபிளோடு ஒரு வருடம் ஓட்டியிருந்தார்கள். அதிவேகத் திட்டத்துக்கு மாதாமாதம் பணமும் கட்டியிருந்தார்கள்.

ஆகவே முதலில் வேறு கேபிள். கேட்5இ என்று அச்சிட்டதே போதும். அடுத்து ரவுட்டரின் துளை: மலிவான ரவுட்டர்களில் கேபிள் துளைகளே 100 எம்பிபிஎஸ்தான், பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் அச்சிட்டிருந்தாலும் சரி.

கடைசியாகத்தான் அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸின் கீழ் உங்கள் ஈதர்நெட் சில்லின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு தாள், 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்'. அது 'ஆட்டோ நெகோஷியேஷன்' என்றே இருக்கட்டும். யாராவது 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தி வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு முனை கட்டாயத்திலும் மறுமுனை ஆட்டோவிலும் இருந்தால், ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசுவது) என்று எண்ணிக்கொள்ளும். இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டு வேகம் சரியும்.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே என் லேப்டாப்பில் தெரியவில்லை. கைப்பேசியில் தெரிகிறது.

லேப்டாப்பின் வைஃபை அட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாமல் இருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்று தட்டி, அட்டை ஆதரிக்கும் ரேடியோ வகைகளைப் பாருங்கள். 802.11 என்பதற்குப் பின் ஏசி அல்லது ஏஎக்ஸ் என்ற எழுத்துகள் இருந்தால் 5 தெரியும். பி, ஜி, என் மட்டும் இருந்தால் அநேகமாகத் தெரியாது. ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்குவதே வழி.

தெரிந்தும் எப்போதும் 2.4இலேயே ஒட்டிக்கொண்டால், டிவைஸ் மேனேஜரின் அட்வான்ஸ்டு தாளில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்றிருப்பதை 5 என்று ஆக்குங்கள். இந்தத் தாளில் இருப்பவை விண்டோஸின் அமைப்புகள் அல்ல, சில்லைச் செய்தவர் டிரைவரில் வைத்தவை. ஆகவே உங்கள் நண்பரின் லேப்டாப்பில் இருக்கும் வரி உங்களுடையதில் இல்லாமல் போகலாம். கான்கிரீட் சுவர்கள் இரண்டைத் தாண்டி உட்கார்பவர்களுக்கு 2.4தான் கைகொடுக்கும்.

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸ் அட்டையைத் தூங்கவைக்கிறது; சில டிரைவர்களுக்கு எழத் தெரிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாளில், சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் முதல் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தத் தாளே இராது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் மிஞ்சும்.

இன்னொன்று: 'ஷட் டவுன்' செய்து திறப்பதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கினால் ஷட் டவுனின்போது அடித்தளம் முழுவதும் அணையாது, வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப எழும். குழம்பிய டிரைவரும் குழம்பியபடியே எழும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்குவது.

புதிதாக விண்டோஸ் போட்டேன். வைஃபையும் இல்லை, ஈதர்நெட்டும் இல்லை. டிரைவரை இறக்கவும் இணையம் வேண்டுமே?

கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒரு நெட்வொர்க் அட்டையாகவே கணினிக்குத் தெரியும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டை ஓட்டினால் மற்ற டிரைவர்கள் பெரும்பாலும் தானாக வந்துவிடும். வராவிட்டால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். "எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் எந்தக் கணினியிலும் அனுமதிப்பதில்லை. அவற்றை நீக்குவதற்கே அரை நாள் போயிருக்கிறது.

கையடக்க யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் சில, செருகியதும் சிடி டிரைவ் போல் தலைகாட்டும். அதற்குள்தான் டிரைவர் இருக்கும். நிறுவியதும் உருமாறி வைஃபை அடாப்டராகிவிடும்.

அலுவலகத்தில் மேக் முகவரி கேட்கிறார்கள். எதைக் கொடுப்பது?

'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று தட்டினால் ஒவ்வொரு அடாப்டருக்கும் 'பிசிக்கல் அட்ரஸ்' என்று பன்னிரண்டு எழுத்து எண்கள் வரும். எந்த அடாப்டரால் இணையப் போகிறீர்களோ அதனுடையதைக் கொடுங்கள். வைஃபையில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். இயங்கினால் கணினி பொய் முகவரியோடு போகும், நீங்கள் பதிவு செய்த உண்மை முகவரி வாசலில் செல்லாது. அடையாளம் எளிது: இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றுள் ஒன்றாக இருந்தால் அது ஆலையில் பொறித்தது அல்ல, மென்பொருள் சூட்டியது.

நெட்வொர்க்கை பப்ளிக் என்று வைப்பதா, பிரைவேட் என்றா?

உங்கள் வீடு, உங்கள் அலுவலகம் என்றால் பிரைவேட். மற்றெல்லா இடங்களிலும் பப்ளிக். இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பக்கத்துக் கணினிகள் உங்களைப் பார்க்கலாமா என்பதை ஃபயர்வால் இதை வைத்து முடிவு செய்கிறது. "கோப்பைப் பகிர்ந்திருக்கிறேன், அடுத்த மேசைக்குத் தெரியவில்லை" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட் போட்டால் ஒரு நாள் டேட்டா அரை மணியில் தீர்ந்துவிடுகிறது.

அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்வதால் வீட்டு இணைப்பைப் பாதிக்காது.

கேபிள், வைஃபை இரண்டும் இருந்தால் எது வேலை செய்யும்?

ஒவ்வொரு பாதைக்கும் விண்டோஸ் ஒரு மெட்ரிக் எண் போடுகிறது. குறைந்த எண்ணுக்கு முன்னுரிமை. வேகமான இணைப்புக்குக் குறைந்த எண் என்பதால் வழக்கமாகக் கேபிள் வெல்லும். வைஃபையை அணைக்கத் தேவையில்லை.

ஐபிவி6ஐ அணைத்தால் நல்லது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

அணைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டே அதைப் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸின் சில பகுதிகள் அது இருக்கும் என்று நம்பியே எழுதப்பட்டவை. ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அணைத்ததும் இணையம் சரியானது என்றால், ரவுட்டரில் ஐபிவி6 தவறாக அமைந்திருக்கிறது என்றே பொருள். அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். 'நெட்வொர்க் ரீசெட்' கொடுக்கலாமா?

கொடுக்கலாம், என்ன போகும் என்று தெரிந்துகொண்டு. எல்லா அடாப்டர்களையும் கழற்றிவிட்டு மறுபடி நிறுவும். நீங்கள் போட்ட நிலையான முகவரி, டிஎன்எஸ், சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போகும். விபிஎன் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டியிருக்கலாம். அதனால் முதலில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' தட்டி, வரும் திரையைக் கைப்பேசியில் படமெடுங்கள். வைஃபை கடவுச்சொல் நினைவில்லை என்றால் விண்டோஸ் 11இல் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பகுதியில் அந்தப் பெயரைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். பொத்தானை அழுத்திய ஐந்து நிமிடத்தில் கணினி தானே அணைந்து எழும். திறந்து வைத்திருக்கும் கோப்புகளை அதற்குள் சேமித்துவிடுங்கள்.